சோயா சாஸ் கடைசியிலதான்: வீட்டுல சைனீஸ் முறையில வவ்வால் மீன் வறுக்கறது

சைனீஸ் மீன்னு சொன்னா நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வர்றது சில்லி ஃபிஷ்தான். மீனைத் துண்டு போட்டு, கார்ன் ஃப்ளார் மாவுல முக்கி எண்ணெயில பொரிச்செடுத்து, குடமிளகாய், வெங்காயம், பூண்டு எல்லாம் போட்டு செவப்பு சாஸ்ல பொரட்டித் தருவாங்களே, அது. கல்கத்தாவுல குடியேறின ஹக்கா சீனக் குடும்பங்கள் இந்திய நாக்குக்கு ஏத்தபடி ஆரம்பிச்சு வச்ச சமையல் வழியில வந்தது அது, ருசியில ஒரு குறையும் கிடையாது. ஆனா ஒரு கான்டனீஸ், அதாவது தென் சீனாவோட குவாங்டோங் பக்கத்து, வீட்டு அடுப்படியில சாயங்காலம் சாப்பாட்டுக்கு வறுக்கற மீன் முழுக்க வேற சாமான். அதுல மொளகாப்பொடி இல்ல, மாவு கரைசல் இல்ல, பூண்டு கூட பல வீட்டுல இல்ல. ஒரு முழு வெள்ளை மீன், உப்பு, இஞ்சி, எண்ணெய், கடைசியில கொஞ்சம் சோயா சாஸ், மேல வெங்காயத்தாள். இவ்வளவுதான். இதுல என்ன இருக்குன்னு தோணும், இதுலதான் எல்லாமே இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். எங்க புளோக்ல எதிர் வீட்டு ஆன்ட்டி கான்டனீஸ் பேசறவங்க, அவங்க அப்பா அம்மா குவாங்டோங் பக்கத்துல இருந்து கப்பல்ல வந்தவங்க. அவங்க மீன் வறுக்கறதைப் பக்கத்துல நின்னு பாத்துதான் நான் இதைக் கத்துக்கிட்டேன். நம்ம வீட்டு மீன் வறுவலுக்கும் அவங்க வறுவலுக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் சாமான்கள்ல இல்ல, வரிசையில இருக்கு. நாம மசாலாவை முன்னாடியே தடவி ஊற வச்சு, அந்த மசாலாவையும் சேத்து வறுக்கறோம். அவங்க மீனை மட்டும் வறுக்கறாங்க, ருசி கூட்டற சாமான் எல்லாம் மீன் வெந்ததுக்கு அப்புறம்தான் கிட்ட வருது. இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும்.

ஏன் அப்படின்னா சோயா சாஸ்ல சர்க்கரையும் அமினோ அமிலமும் ஏற்கெனவே நிறைய இருக்கு. அதை முதல்லயே தடவிட்டு சூடான சட்டியில போட்டா மீன் உள்ள வேகறதுக்கு முன்னாடி வெளிய கருகிடும், கருகின சோயா கசக்கும், சட்டியிலயும் பிடிச்சுக்கும். நம்ம மொளகாப்பொடியும் ஓரத்துல கருகத்தான் செய்யும், ஆனா அந்தக் கருகல் நமக்குப் பிடிச்ச ருசி, அதுக்காகவே கல்லுல ஒட்டின மசாலாவைச் சுரண்டி சோத்துல போட்டுப் பெசையறோம். சோயா கருகல்ல அந்த சுகம் கிடையாது.

மீனுக்கு வருவோம். வெள்ளை வவ்வால் கிடைச்சா அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். சிங்கப்பூர்ல சீனப் புத்தாண்டு நெருங்கினா வவ்வால் விலை கிடுகிடுன்னு ஏறும், ஏன்னா தியோச்சியூங்கற இன்னொரு தென் சீன வகுப்பு ஆளுங்க அதை ஊறப்போட்ட பிளம், தக்காளி, டோஃபு எல்லாம் போட்டு ஆவியில வேக வைப்பாங்க, பண்டிகைக்கு முழு மீன் மேசையில இருந்தே ஆகணும். கருப்பு வவ்வாலும் பரவாயில்ல, அது உண்மையில வேற குடும்பத்து மீன், பாறை மீனோட உறவு, சதை கொஞ்சம் கெட்டி. கொடுவா, சங்கரா, காலா, கிழங்கான் எல்லாமே இந்த முறைக்கு நல்லா வரும். விலை கம்மியா, வேலை சுலபமா வேணும்னா கிழங்கான்தான் என் சிபாரிசு, மெலிசா இருக்கறதால சீக்கிரம் வேகும், சதை வெள்ளை வெளேர்னு உதிரும். சூப்பர்மார்க்கெட்ல டோரின்னு பேர் போட்டு உறைய வச்ச ஃபில்லெட் விக்கறாங்களே, பெரும்பாலும் பங்காஸ் மீன், அதை இதுக்கு வாங்காதீங்க. உருகும்போது அவ்வளவு தண்ணி விடும், வறுபடாது, வெந்துதான் போகும்.

சாவாளையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியாகணும். நம்ம ஊர் மார்க்கெட்ல நீளமா வாள் கணக்கா வெள்ளி நிறத்துல கிடக்கும், கருவாட்டுக்குப் போகும், பெரிசா யாரும் கொண்டாடறதில்ல. சீனாவுல அது வீட்டுக்கு வீடு வறுக்கற மீன், செஜியாங் மாகாணத்துல ஜோஷான் தீவுகள் பக்கம் கிடைக்கற சாவாளைன்னா அங்க தனி மரியாதை. இந்தியாவுல, முக்கியமா குஜராத் கரையில பிடிக்கற சாவாளையில கணிசமான பங்கு உறைய வச்சு சீனாவுக்குத்தான் ஏத்துமதியாகுது. அதை விரல் நீளத் துண்டா வெட்டி, உப்பும் இஞ்சியும் போட்டு வச்சு, துளி மாவு தூவி வறுத்துட்டா போதும். ஷாங்காய் பக்கம் அதுக்கு அப்புறம் சோயா, சர்க்கரை, கொஞ்சம் வினிகர் விட்டு ஒரு கொதி விடுவாங்க. அந்த வெள்ளிப் பூச்சை முழுசா சுரண்டி எடுக்க வேண்டியதில்ல, அழுக்கு போக லேசா தேச்சுக் கழுவினா போதும்.

இப்ப வவ்வாலை எடுத்துப்போம், 400 கிராம்ல இருந்து 500 கிராம் வரைக்கும் உள்ளது, சட்டியில தலையோட வாலோட முழுசா படுக்கணும், அதுதான் அளவு. செதில், செவுள், குடல் எல்லாம் கடைக்காரர் எடுத்துத் தருவார், ஆனா வயித்துக்குள்ள ஒட்டியிருக்கற கருப்புத் தோலையும் முள்ளோட ஓரமா உறைஞ்சிருக்கற ரத்தத்தையும் வீட்டுல நீங்கதான் விரலை விட்டுத் தேச்சு எடுக்கணும். கவுச்சியில பாதி அங்கதான் இருக்கு. கடல் மீனோட உடம்புல உப்புத் தண்ணியை சமாளிக்கறதுக்காகவே ட்ரைமெத்தில்அமீன் ஆக்ஸைடுன்னு ஒரு பொருள் இருக்கு, அதுக்கு வாசனை கிடையாது, மீன் செத்ததுக்கு அப்புறம் பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் நமக்குத் தெரிஞ்ச அந்த மீன் நாத்தம் வருது. நாம அதுக்குப் புளி, எலுமிச்சைன்னு புளிப்பை வச்சு கட்டுப்படுத்தறோம், அவங்க இஞ்சியும் ஷாவ்ஷிங் ஒயினும் வச்சு. ஷாவ்ஷிங்கறது செஜியாங்ல இருக்கற ஊர், ஒட்டரிசியைப் புளிக்க வச்சு எடுக்கற மஞ்சள் நிற அரிசி ஒயின் அது. மது வேண்டாங்கறவங்க அதை விட்டுடலாம், இஞ்சிச் சாறு ரெண்டு ஸ்பூன் எடுத்து வயித்துக்குள்ளயும் தோல்லயும் தடவிட்டா போதும், ருசியில பெரிய பள்ளம் விழாது.

ரெண்டு பக்கமும் குறுக்கால ரெண்டு மூணு கீறல் போட்டு, அரை ஸ்பூன் உப்பை உள்ளயும் வெளியயும் தடவி ஒரு இருபது நிமிஷம் விட்டுடுங்க. திரும்பி வந்து பாத்தா மீனுக்கு அடியில தண்ணி நிக்கும், கொஞ்சம் பிசுபிசுன்னு, அது உப்பு இழுத்துட்டு வந்த தண்ணி, அதுலதான் நாத்தமும் இருக்கு, அதைக் கொட்டிடுங்க. அதுக்கப்புறம் துடைக்கணும். லேசா ஒத்தி எடுக்கறது இல்ல, கிச்சன் டிஷ்யூவையோ சுத்தமான பருத்தித் துணியையோ வச்சு தோல், கீறலுக்குள்ள, வயித்துக்குள்ள, துடுப்புக்கு அடியில, தலைக்குக் கீழ எல்லா இடமும் கையில ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடைக்கணும். எதிர் வீட்டு ஆன்ட்டி துடைச்சு முடிச்சதும் புறங்கையை மீன் மேல வச்சுப் பாப்பாங்க, குளிர்ச்சி மட்டும் தெரியணும் ஈரம் தெரியக்கூடாதுன்னு சொல்வாங்க. நேரம் இருந்தா தட்டுல வச்சு மூடாம ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் விட்டாலும் தோல் நல்லா காஞ்சுடும்.

இந்தத் துடைக்கற வேலைக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் குடுக்கறேன்னா, தண்ணி இருக்கற வரைக்கும் மீனோட தோல் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணி எல்லாம் ஆவியாகி முடிஞ்சாதான் சூடு மேல ஏறும், ஏறி 140 டிகிரி வாக்குல போனாதான் அந்தப் பொன்னிறமும் வறுத்த வாசனையும் வேகமா வரும். அந்த மாற்றத்துக்கு 1912-ல அதை விவரிச்ச பிரெஞ்சுக்காரர் லூயி காமில் மையார் பேரை வச்சிருக்காங்க, முறுகல் தோசை, வறுத்த காப்பிக்கொட்டை, பிரெட் மேல்தோல் எல்லாத்துலயும் நடக்கறது இதேதான். ஈர மீனைப் போட்டா அடுப்போட பலம் பூரா தண்ணியை விரட்டறதுலயே போயிடும், அதுக்குள்ள உள்சதை வெந்து வறண்டுடும், மீன் சதைக்கு 60 டிகிரியே தாராளம். வெளிய மொறுமொறுன்னும் உள்ள சாறோடயும் வேணும்னா வேற வழியே இல்ல, காஞ்ச மீன்தான் வேணும்.

அடுத்தது சட்டி. ஆன்ட்டி வச்சிருக்கறது இரும்பு வோக், அதாவது சீனக் கடாய், பல வருஷமா பழகி கருகருன்னு மின்னும். நம்ம வீட்டு இரும்பு தோசைக்கல்லோ இரும்புக் கடாயோ நல்லா பழகினதா இருந்தா அதுவே போதும், இதுக்குன்னு எதுவும் புதுசா வாங்க வேண்டாம். நான்ஸ்டிக்லயும் வரும், ஆனா அதை வெறுஞ்சட்டியா ரொம்ப சூடு பண்ணக்கூடாதுங்கறதால தோல் அந்த அளவுக்கு மொறுமொறுப்பா வராது.

சட்டியை எண்ணெய் இல்லாம அடுப்புல வச்சு நல்லா காய விடுங்க. ஒரு சொட்டு தண்ணியைத் தெளிச்சா அது சுர்ருன்னு ஆவியாகிப் போகாம உருண்டு திரண்டு குண்டு குண்டா ஓடணும், அடியில உண்டாகற ஆவி மெத்தையில அது மிதக்குதுன்னு அர்த்தம், அதுதான் சரியான சூடு. இப்ப ஆன்ட்டி ஒரு பெரிய முத்தின இஞ்சித் துண்டைக் குறுக்க வெட்டி, வெட்டின பக்கத்தை வச்சு சட்டியோட உள்பக்கம் பூரா தேய்ப்பாங்க, புகையும் வாசனையும் கிளம்பும். மூணு டேபிள்ஸ்பூன் எண்ணெயை அதுக்கப்புறம்தான் விடுவாங்க. சூடான சட்டி, குளிர்ந்த எண்ணெய், அதுதான் அங்க தலைமுறை தலைமுறையா சொல்ற கணக்கு. சட்டி கம்மி சூட்டுல இருந்தா மீனோட புரோட்டீன் இரும்பைத் தொட்ட இடத்துலயே அதோட ஒட்டிக்கும், நல்ல சூட்டுல இருந்தா தொட்ட உடனே தோல் இறுகிடும், நடுவுல எண்ணெய் ஒரு படலமா நின்னுக்கும். எண்ணெயில ஒரு சிட்டிகை உப்பு போட்டா தெறிக்கறது குறையும்னும் ஆன்ட்டி சொல்வாங்க, நானும் போடறேன்.

எண்ணெய்ல ஒரு நல்ல சேதி, கான்டனீஸ் சமையல்ல ரொம்ப விரும்பறது கடலை எண்ணெய். நம்ம வீட்டுலயே இருக்கு. ஆனா செக்கெண்ணெய் சீக்கிரமே புகைய ஆரம்பிச்சுடும், அதனால அதை விட்டா தீயைக் கொஞ்சம் இறக்கியே வச்சுக்கோங்க, ரீஃபைண்ட்னா அந்தக் கவலை இல்ல.

மீன் மேல கார்ன் ஃப்ளார் தூவறதும் தூவாததும் உங்க இஷ்டம். தூவினா ரெண்டு ஸ்பூன் எடுத்துத் தட்டித் தட்டி உதறி, வெள்ளையா ஒரு மெல்லிய பூச்சு மட்டும் நிக்கற அளவுக்கு வைங்க, அது மிச்சம் மீதி ஈரத்தையும் உறிஞ்சிக்கும். பழகினவங்க தூவாமலே வறுப்பாங்க, மீனோட சொந்தத் தோல் மொறுமொறுன்னு ஆகும்போது வர்ற ருசி மாவுல வராது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

மீனை வாலைப் பிடிச்சு, தலைப் பக்கம் முதல்ல சட்டியைத் தொடற மாதிரி, உங்களுக்கு எதிர்ப்பக்கமா மெதுவா சாச்சுப் படுக்க வைங்க, அப்பதான் எண்ணெய் உங்க பக்கம் தெறிக்காது. தீயை மிதமா ஆக்குங்க. இனிமே கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். இந்தச் சமையல்ல கஷ்டமான கட்டமே இதுதான், கரண்டியை விட்டு நோண்டாம நாலு அஞ்சு நிமிஷம் நிக்கறது. மொதல்ல சடசடன்னு பெரிய சத்தமா வரும், அது தண்ணி போற சத்தம். கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தம் சன்னமா, ஒரே சீரா மாறும். ஓரத்துல தோல் தேன் நிறத்துக்கு வரும், துடுப்பு விறைச்சுக்கும், கண்ணு வெள்ளையா மாறும், கீறல் போட்ட இடத்துல சதை கண்ணாடி நிறத்துல இருந்து வெள்ளைக்கு அடியில இருந்து மேல ஏறிக்கிட்டே வர்றது நல்லா தெரியும். அப்ப சட்டிப் பிடியைப் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. அடி நல்லா வறுபட்டிருந்தா வெந்த தோசை கல்லுல வழுக்கற மாதிரி மீன் முழுசா வழுக்கும். வழுக்கலைன்னா இன்னும் நேரம் ஆகலைன்னு அர்த்தம், இன்னொரு நிமிஷம் விடுங்க, அதுவா விட்டுக்குடுக்கும்.

திருப்பறதுக்கு ரெண்டு தட்டைக் கரண்டி வேணும், ஒண்ணு தலைக்கு அடியில ஒண்ணு வாலுக்கு அடியில. ஒரே ஒரு தடவைதான் திருப்பணும். திருப்பினதும் இஞ்சியை மெலிசா நறுக்கி மீனைச் சுத்தி எண்ணெயில போடுங்க, கரண்டியால சூடான எண்ணெயை அள்ளித் தலை மேலயும் முதுகோட தடிமனான இடத்துலயும் ஊத்திக்கிட்டே இருங்க, இன்னொரு மூணு நாலு நிமிஷம். முதுகுல தடிமனான இடத்துல சாப்ஸ்டிக்கையோ முள் கரண்டியையோ குத்திப் பாத்தா தடங்கல் இல்லாம முள்ளு வரைக்கும் போகணும். எடுத்துத் தட்டுல வச்சுடுங்க.

இப்பதான் சோயா சாஸ். சட்டியில இருக்கற எண்ணெயை ஒரு ஸ்பூன் மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வடிச்சுடுங்க. ஒன்றரை டேபிள்ஸ்பூன் லைட் சோயா (நிறம் கம்மியான, உப்பு தூக்கலான சோயா சாஸ்), மூணு டேபிள்ஸ்பூன் தண்ணி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, இருந்தா ஷாவ்ஷிங் ஒயின் ஒரு ஸ்பூன், எல்லாம் கலந்து அந்த சூட்டுல ஊத்தினா உடனே பொங்கிக் கொதிக்கும், அரை நிமிஷத்துல இறக்கிடுங்க. இதை மீன் மேல ஊத்தாதீங்க. தட்டோட ஓரத்துல, மீனைச் சுத்தி ஊத்துங்க. இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக்கின தோலை நாமே நனைக்கக் கூடாது, சாப்பிடறவங்க சதையைப் பிச்சு அந்தச் சாறுல தொட்டுக்கட்டும். மேல வெங்காயத்தாளை நீளநீளமா நார் நாரா கீறிப் போடணும், அதைக் கொஞ்ச நேரம் ஐஸ் தண்ணியில போட்டு எடுத்தா அழகா சுருண்டுக்கும். வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. வெள்ளை மிளகும் நம்ம மிளகுக் கொடியிலதான் காய்க்குது, பழுத்ததை ஊற வச்சு மேல்தோலை உரிச்சுடுவாங்க, இந்தப் பக்கம் மலேசியாவோட சரவாக் வெள்ளை மிளகுக்கு நல்ல பேரு. நம்ம கருமிளகைப் போட்டா தப்பில்ல, ஆனா அதோட காரம் முன்னால வந்து நிக்கும், வெள்ளை மிளகு பின்னால இருந்து மெதுவா வரும், இந்த மீனுக்கு அதுதான் பொருத்தம்.

வீட்டுல பிரஷர் உள்ளவங்க இருந்தா ஒண்ணு கவனிங்க. ஒரு டேபிள்ஸ்பூன் லைட் சோயாவுல கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம் இருக்கு, உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள்ள வச்சுக்கச் சொல்லுது. சாறு தனியா ஓரத்துல இருக்கறதால அவங்கவங்க தேவைக்குத் தொட்டுக்கலாம், முன்னாடியே ஊற வச்சா அந்த வசதி இருக்காது.

ஹாங்காங் பக்கம் இதையே இன்னொரு விதமா பண்றாங்க, அதுல நம்ம சாமான் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. மீனை வறுத்ததுக்கு அப்புறம் இஞ்சி பூண்டு தாளிச்சு, சோயாவோட வொர்செஸ்டர்ஷயர் சாஸ் விட்டு, சர்க்கரை சேத்து, மீனை அதுல ஒரு நிமிஷம் விட்டு எடுப்பாங்க. பிரிட்டிஷ்காரங்க ஆட்சியில அந்த ஊருக்கு வந்து சேந்த சாஸ் அது. லியா அண்ட் பெரின்ஸ் கம்பெனி 1837-ல இருந்து விக்கற அந்த பாட்டில்ல வினிகர், நெத்திலி வகை மீன், வெல்லப்பாகு இதோட புளியும் இருக்கு. புளிக்குழம்பு சாப்பிட்டு வளந்த நாக்குக்கு அந்த வவ்வால் முதல் வாய்லயே பழகிடும். எங்க வீட்டுல பெரியவங்க வந்தா நான் பண்றது இந்த வகைதான், சோயா மட்டும் விட்டதை "ருசியே இல்லயே கண்ணு, உப்புத் தண்ணியில தொட்டுச் சாப்பிடற மாதிரி இருக்கு"ன்னு சொன்ன எங்க பெரியம்மா, இதுக்கு ரெண்டாவது தடவை சோறு வாங்கினாங்க.

சாப்பிடற முறையும் கவனிக்கத் தக்கது. மீனோட தலை பெரியவங்க பக்கமோ விருந்தாளி பக்கமோ பாத்து இருக்கணும், கன்னத்துச் சதையை எடுத்து அவங்க தட்டுல வைப்பாங்க, அந்த ரெண்டு சின்ன உருண்டைதான் மீன்லயே மெதுவான இடம். மேல்பக்கம் சாப்பிட்டு முடிச்சா மீனைத் திருப்பிப் போட மாட்டாங்க, நடுமுள்ளை வால்ல இருந்து அப்படியே தூக்கி எடுத்துட்டுக் கீழ்ப்பக்கத்தைச் சாப்பிடுவாங்க. மீனைத் திருப்பினா கடல்ல படகு கவுந்துடும்னு மீனவக் குடும்பங்கள்ல ஒரு நம்பிக்கை, தென் சீனக் கரை பூரா இருக்கு, கடலுக்கே போகாத குடும்பங்களும் கடைபிடிக்கறாங்க. கடலுக்குப் போனவன் திரும்பி வரணும்னு ராத்திரி பூரா முழிச்சிருந்த வீடுகள்ல பிறந்த பழக்கம் அது, மரியாதையா நாமளும் அப்படியே சாப்பிடலாம், முள்ளும் சுலபமா வரும்.

தொட்டுக்க அவங்களுக்கு வெள்ளைச் சோறு, பக்கத்துல பூண்டு போட்டு வதக்கின கீரை. எங்க வீட்டுல மிளகு ரசம். மிளகும் சோயாவும் இஞ்சியும் ஒண்ணுக்கொண்ணு நல்லாவே ஒத்துப்போகுது, ரசஞ்சோறும் இந்த வவ்வாலும் எங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு ஆயிடுச்சு. ஆனா மீனோட பக்கத்துல காரக்குழம்பு வைக்காதீங்க, மீன் ருசி காணாமப் போயிடும்.

மிச்சமான தலையையும் முள்ளையும் தூக்கிப் போடாதீங்க. சட்டியில துளி எண்ணெய் விட்டு இஞ்சியோட ரெண்டு நிமிஷம் திரும்ப வறுத்து, தளதளன்னு கொதிக்கற தண்ணியை அதுல ஊத்துங்க, பச்சைத் தண்ணி இல்ல, கொதிக்கற தண்ணி. தீயைக் கூட்டி நல்லா கொதிக்க விட்டா எண்ணெயும் முள்ளுல இருந்து வர்ற ஜெலட்டினும் பொடிப்பொடியா கலந்து ஒரு கால் மணி நேரத்துல சூப் பால் நிறத்துக்கு வந்துடும். சிங்கப்பூர் கடைகள்ல மீன் தலை பீஹூன்னு (பீஹூன்னா அரிசி சேமியா) விக்கறதுக்கு அடிப்படை இதுதான், பல கடைகள்ல மேல கொஞ்சம் எவாப்பரேட்டட் பாலும் விடுவாங்க, வீட்டுல அது தேவைப்படாது. வடிகட்டி உப்பு பாத்து, அரிசி சேமியாவை வேக வச்சுப் போட்டு, நாலு துண்டு தக்காளி, கொஞ்சம் கீரை, மேல வெள்ளை மிளகு. மறுநாள் காலைப் பலகாரம் ரெடி.